நாலு டெஸ்க்டாப் கிளஸ்டர்: நேரம் எங்கே வீணாகிறது, எப்படிச் சரிசெய்வது

பர்கூரிலோ செட்டிக்கரையிலோ பொறியியல் படிப்பவர்களுக்கும், ஓசூரில் சின்ன டிசைன் ஆபீஸ் நடத்துபவர்களுக்கும் கிளஸ்டர் (ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்ய இணைத்த மெஷின்கள்) என்றால் கையில் இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: லேபில் ஒதுக்கிவைத்த நாலைந்து டெஸ்க்டாப், ஒரு கிகாபிட் ஸ்விட்ச், அதில் லினக்ஸ். இதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. 1994-ல் நாசாவின் கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் கட்டிய முதல் பியோவுல்ஃப் கிளஸ்டரும் கடையில் கிடைத்த 486 மெஷின்கள் பதினாறை ஈதர்நெட்டில் இணைத்ததுதான்.

கட்டி முடித்ததும் வரும் ஏமாற்றமும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு மெஷினில் பத்து நிமிடம் ஓடிய புரோகிராம், நாலு மெஷினில் பன்னிரண்டு நிமிடம் ஓடும். உடனே பழி நெட்வொர்க்கின் மேல் விழும், விலை கூடின ஸ்விட்ச் வாங்க கொட்டேஷன் கேட்பார்கள். பொறுங்கள். சின்ன கிளஸ்டர்களில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் ஸ்விட்ச் அல்ல. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருக்கும் ரேமும், புரோகிராம் செய்தி அனுப்பும் விதமும்தான். எந்த வரிசையில் சோதித்துச் சரிசெய்வது என்று பார்ப்போம். லினக்ஸ், பாஸ்வேர்டு கேட்காத எஸ்.எஸ்.எச்., எல்லா மெஷினுக்கும் பொதுவான என்.எஃப்.எஸ். ஃபோல்டர், எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு ஓப்பன் எம்.பி.ஐ. (ப்ராசஸ்களுக்கிடையே செய்தி அனுப்பும் மென்பொருள்) ஆகியவை ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

காகிதத்தில் ஒரு கணக்கு

ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போக ஆகும் நேரத்தில் இரண்டு பகுதி உண்டு. செய்தி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஆகியே தீரும் நேரம் லேட்டன்சி. அதோடு, செய்தியின் அளவை பேண்ட்விட்த்தால் (விநாடிக்கு எவ்வளவு பைட் போகும் என்ற அளவு) வகுத்து வரும் நேரமும் சேரும். ஒரு மாங்காய் ஏற்றினாலும் லோடு நிறைய ஏற்றினாலும் லாரி வாடகை மாறாது. லேட்டன்சி அந்த வாடகை.

கிகாபிட் ஈதர்நெட்டில் டி.சி.பி. வழியாகப் போனால் லேட்டன்சி சுமார் 30 முதல் 60 மைக்ரோ விநாடி, பேண்ட்விட்த் விநாடிக்குச் சுமார் 117 மெகாபைட். கிளஸ்டர்களுக்கான வேக நெட்வொர்க்கான இன்ஃபினிபேண்டில் லேட்டன்சி 1 முதல் 2 மைக்ரோ விநாடி. ஒரே பெட்டிக்குள் இரண்டு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) பொதுவான ரேம் பகுதியான ஷேர்டு மெமரி வழியாகப் பேசினால் ஒரு மைக்ரோ விநாடிக்கும் கீழே.

இனி உதாரணம். கே.ஆர்.பி. அணைக்குக் கீழே தென்பெண்ணையில் வெள்ளம் பரவுவதைக் கணக்கிட, 40 கி.மீ.க்கு 40 கி.மீ. பரப்பை 10 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறோம். 4000 × 4000, ஆக 1 கோடியே 60 லட்சம் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு டபுள் எண், 8 பைட். வரிசை வரிசையாக நாலு மெஷினுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 1000 வரிசை, 40 லட்சம் கட்டம், 32 மெகாபைட். ஒவ்வொரு கட்டமும் அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துத்தான் மாறும் என்பதால், கணக்கில் நேரம் ஒரு படி நகரும் ஒவ்வொரு முறையும் மேல் விளிம்பு வரிசையையும் கீழ் விளிம்பு வரிசையையும் பக்கத்து மெஷின்களுக்கு அனுப்ப வேண்டும். ஒரு வரிசை 4000 × 8 = 32,000 பைட்.

நெட்வொர்க் செலவு: 32,000 பைட்டை விநாடிக்கு 117 மெகாபைட் வேகத்தில் அனுப்ப 0.27 மில்லி விநாடி. இரண்டு விளிம்புக்கும் லேட்டன்சி சேர்த்துச் சுமார் 0.6 மில்லி விநாடி.

ரேம் செலவு: பழைய அரேயைப் படிக்க 32 மெகாபைட், புதியதை எழுத 32. எழுதும் முன் ப்ராசஸர் அந்த இடத்தைத் தனக்குள் இருக்கும் சின்ன வேக மெமரியான கேஷுக்குள் இழுத்துக்கொள்வதால் இன்னொரு 32. மொத்தம் 96 மெகாபைட். டி.டி.ஆர்.4-2400 ரேம் ஒரே ஸ்டிக் போட்ட மெஷினில் பேண்ட்விட்த் ஏட்டளவில் விநாடிக்கு 19.2 கிகாபைட், நடைமுறையில் 15 கிடைத்தால் நல்லது. 96 மெகாபைட்டுக்கு 6.4 மில்லி விநாடி.

ஆக, ஒரு படிக்கு 7 மில்லி விநாடி. அதில் நெட்வொர்க்கின் பங்கு 0.6. நெட்வொர்க் செலவையே பூஜ்யமாக்கினாலும் நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல் மிச்சமாகாது. அதே மெஷினில் இன்னொரு ரேம் ஸ்டிக்கை அடுத்த சேனலில் போட்டால் ரேம் செலவு 3.2 ஆகும், மொத்த நேரத்தில் ஏறக்குறைய பாதி குறையும். லேப் மெஷின்களில் 8 ஜி.பி.யை ஒரே ஸ்டிக்காகப் போட்டுக் கொடுத்திருப்பது சர்வ சாதாரணம். டி.எம்.ஐ.டிகோட் கட்டளையை ரூட்டாக ஓட்டி, மெமரி பகுதியைப் பாருங்கள். இரண்டு அல்லது நாலு ஸ்லாட்டில் ஒன்றில் மட்டும் அளவு இருந்து மற்றவை காலி என்று காட்டினால் நீங்கள் முதலில் வாங்க வேண்டியது ரேம். நாலு மெஷினிலும் இரண்டிரண்டு 8 ஜி.பி. ஸ்டிக் இருந்தால் அவற்றை எந்த ஸ்லாட்டில் போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். நாலு ஸ்லாட் போர்டுகளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டும் பெரும்பாலும் ஒரே சேனல். ஒன்று விட்டு ஒன்றில் போட வேண்டும். போர்டில் ஒரே நிறம் அடித்திருப்பவை பெரும்பாலும் ஒரு ஜோடி.

இந்தக் கணக்கை உங்கள் புரோகிராமுக்கும் போட்டுப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கால்குலேட்டரில் பத்து நிமிட வேலை.

அளந்து எழுதிவைப்பது

காகிதக் கணக்கு சரியா என்று பார்க்க நாலு சோதனை போதும்.

ஈத்டூல் கட்டளை நெட்வொர்க் கார்டின் வேகத்தைக் காட்டும். எல்லா மெஷினிலும் 1000 என்றும் ஃபுல் டூப்ளெக்ஸ் என்றும் வர வேண்டும். ஒன்றில் 100 என்று வந்தால் மொத்தக் கிளஸ்டரும் அந்த ஒன்றின் வேகத்துக்கு இறங்கிவிடும்.

நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3-ஐ ஒரு மெஷினில் சர்வராகவும் இன்னொன்றில் கிளையன்ட்டாகவும் ஓட்டுங்கள். கிகாபிட்டில் 930 முதல் 941 மெகாபிட் வரை வருவதுதான் ஆரோக்கியம். 941-க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மீதி ஹெடர்களுக்குப் போகிறது. ரெட்ர் (திரும்ப அனுப்ப நேர்ந்த பாக்கெட்டுகள்) என்ற நெடுவரிசையில் நூற்றுக்கணக்கில் எண் வந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஓ.எஸ்.யு. மைக்ரோ பெஞ்ச்மார்க்கில் லேட்டன்சி, பேண்ட்விட்த் என்று இரண்டு தனிச் சோதனைகள் உண்டு. முதலில் இரண்டு ப்ராசஸையும் ஒரே மெஷினில் வைத்து ஓட்டுங்கள், பிறகு இரண்டு மெஷினில் ஒவ்வொன்றாக வைத்து ஓட்டுங்கள். ஒரே மெஷினுக்குள் ஓட்டும்போதும் 20, 30 மைக்ரோ விநாடி வந்தால், எம்.பி.ஐ. ஷேர்டு மெமரியைப் பயன்படுத்தாமல் டி.சி.பி. வழியாகச் சுற்றிப் போகிறது என்று பொருள்.

நாலாவது, ரேம் பேண்ட்விட்த்தை அளக்கும் ஸ்ட்ரீம். ஜான் மெக்கால்பின் எழுதிய சின்ன சி புரோகிராம். ஒரு புரோகிராமின் வேலையைத் திரெட் என்ற இணை ஓட்டங்களாகப் பிரிக்கும் ஓப்பன்எம்பி ஆப்ஷனோடு கம்பைல் செய்து ஒரு திரெட், இரண்டு, நாலு என்று ஓட்டுங்கள். ஒரு திரெட்டிலேயே உச்சத்தை எட்டி, பிறகு ஏறவே இல்லை என்றால் ரேம்தான் முட்டுக்கட்டை. கோர்களைக் கூட்டிப் பயனில்லை. அரே அளவு கேஷைப் போல நாலு மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரேமுக்குப் பதிலாக கேஷை அளந்துவிட்டு, நம்ப முடியாத எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவீர்கள்.

டாப் கட்டளையில் எல்லா கோரும் 100 சதவீதம் என்று தெரிவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஓப்பன் எம்.பி.ஐ. செய்திக்காகக் காத்திருக்கும்போதும் தூங்காது. வந்ததா, வந்ததா என்று சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை செய்யும் ப்ராசஸும் வேலையில்லாமல் காத்திருக்கும் ப்ராசஸும் டாப்பில் ஒன்றுபோலவே தெரியும்.

கேபிள், ஸ்விட்ச், வெயில்

வேகம் 100-க்கு இறங்குவதற்கு முதல் காரணம் கிரிம்பிங். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி வயர் போதும், ஆரஞ்சும் பச்சையும். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு வயர் சரியாக அழுந்தாமல் இருந்தால், பல கார்டுகள் எந்தப் பிழையும் காட்டாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். இன்டர்நெட் வரும், எஸ்.எஸ்.எச். வரும், யாருக்கும் சந்தேகம் வராது. நாலைந்து மெஷினுக்குக் கையால் கிரிம்ப் செய்யவே வேண்டாம். கடையில் கிடைக்கும் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் கேட்-6 பேட்ச் கார்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயரைத் தவிருங்கள்; வயரின் உறையில் சி.சி.ஏ. என்று போட்டிருக்கும்.

ஸ்விட்ச் விஷயத்தில் சொல்ல அதிகம் இல்லை. எட்டு போர்ட் அன்மேனேஜ்டு கிகாபிட் ஸ்விட்ச் போதும். ஆனால் 10/100 ஸ்விட்சும் அச்சு அசலாக அதே போல இருக்கும். பெட்டியை அல்ல, ஸ்விட்சின் அடியில் உள்ள லேபிளைப் படியுங்கள். கிளஸ்டரை காலேஜ் நெட்வொர்க்கின் நடுவில் செருகாமல் தனி ஸ்விட்சில் வையுங்கள்; தலைமை மெஷினில் மட்டும் இரண்டாவது கார்டு போட்டு வெளியே இணைத்தால் போதும்.

வெயிலை இந்தப் பக்கம் யாரும் அலட்சியப்படுத்த முடியாது. சித்திரையில் ஏ.சி. இல்லாத அறையில் ப்ராசஸர் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளக் கடிகார வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தனி மெஷினில் அது பெரிய பாதிப்பில்லை. கிளஸ்டரில் ஒவ்வொரு படியிலும் எல்லோரும் எல்லோருக்காகவும் காத்திருப்பதால், ஒன்று 3.4-லிருந்து 2.0 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கினால் மற்ற மூன்றும் சேர்ந்து இறங்கின மாதிரிதான். சென்சார்ஸ் கட்டளையில் ஒரு மெஷின் மட்டும் மற்றவற்றைவிடப் பத்து டிகிரி அதிகம் காட்டினால், திறந்து பாருங்கள். ஹீட் சிங்கில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும், அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். கிரானைட் வேலை நடக்கும் ஊர்ப்பக்கம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயர் பிடிப்பது நல்லது.

மின்சாரமும் இந்தக் கணக்கில்தான் வரும். எம்.பி.ஐ. ஓட்டத்தில் ஒரு மெஷின் ரீஸ்டார்ட் ஆனாலும் மொத்த வேலையும் செத்துவிடும். ஸ்விட்சை யு.பி.எஸ்.ஸில் மாட்ட மறந்துவிட்டு மெஷின்களை மட்டும் மாட்டுவது அடிக்கடி நடக்கும் அபத்தம். அரை மணிக்கு ஒருமுறை அரேயை டிஸ்கில் எழுதிவைக்கும் நாலு வரியைப் புரோகிராமில் சேர்த்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் அதன் அருமை தெரியும்.

லினக்ஸில் மாற்ற வேண்டியவை

முதலில், மெஷின் பெயர்களுக்கான முகவரிகள் இருக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைல். உபுண்டு நிறுவும்போது மெஷினின் பெயருக்கு 127.0.1.1 என்று ஒரு வரி போட்டுவிடும். அந்த வரியை எடுத்துவிட்டு எல்லா மெஷினின் உண்மையான முகவரியையும் எல்லா மெஷினிலும் ஒரேபோல எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரு மெஷின் தன் முகவரி 127.0.1.1 என்று மற்றவர்களுக்குச் சொல்லும். அவர்கள் அதைத் தங்களுக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பார்கள்.

ப்ராசஸரின் கடிகார வேகத்தைத் தீர்மானிக்கும் சி.பி.யு. கவர்னரை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். பவர்சேவில் இருந்தால் கடிகாரம் குறைந்த வேகத்திலேயே நிற்கலாம், அல்லது முழு வேகத்துக்கு ஏறுவதற்குள் நேரம் போய்விடும்.

நெட்வொர்க் கார்டு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல், சிறிது நேரம் சேர்த்துவைத்து ஒரே தடவையில் எழுப்பும். ஃபைல் டவுன்லோடுக்கு நல்லது, நமக்குக் கெடுதல். ஈத்டூலில் பெரிய சி ஆப்ஷனோடு ஆர்.எக்ஸ். யூசெக்ஸ் மதிப்பை 0 ஆக்கி ஓ.எஸ்.யு. லேட்டன்சியை மறுபடி அளந்து பாருங்கள். இன்டெல் கார்டுகளில் பொதுவாக நல்ல வித்தியாசம் தெரியும். போர்டோடு வரும் மலிவு சிப்கள் சிலவற்றில் இந்த ஆப்ஷனே முழுதாக இருக்காது. அதோடு எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்டையும் அணைத்துவிடுங்கள். அது கேபிளைத் தூங்கவைத்து எழுப்ப ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து மைக்ரோ விநாடி எடுத்துக்கொள்ளும். இந்த மாற்றங்கள் ரீஸ்டார்ட்டில் போய்விடும் என்பதால் சிஸ்டம்டி சர்வீஸாக எழுதிவையுங்கள்.

ஜம்போ ஃப்ரேம் பற்றி எல்லா வழிகாட்டியும் முதலில் சொல்லும். ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவான எம்.டி.யு.வை 1500-லிருந்து 9000 ஆக்கினால் கிகாபிட்டில் கிடைப்பது 941-லிருந்து ஏறக்குறைய 990, நூற்றுக்கு ஐந்து. சின்னச் செய்திகளுக்கு ஒன்றுமே கிடைக்காது. பதிலுக்கு, ஒரு கார்டோ ஸ்விட்சோ ஒத்துக்கொள்ளாவிட்டால் விசித்திரமான கோளாறு வரும்: பிங் போகும், எஸ்.எஸ்.எச். லாகின் ஆகும், பெரிய ஃபைல் மட்டும் பாதியில் தொங்கும். ஆரம்பத்தில் இதைத் தொடாதீர்கள் என்பதே எங்கள் யோசனை. தொட்டே ஆக வேண்டுமென்றால், உடைக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 8972 பைட் பிங் அனுப்பி எல்லா ஜோடிக்கும் போகிறதா என்று பாருங்கள். 9000-ல் ஐ.பி. ஹெடர் 20, ஐ.சி.எம்.பி. ஹெடர் 8 போக மீதி அது.

எம்.பி.ஐ. ஓட்டும்போது

புதியவர்களை அதிகம் அழவைப்பது இது: புரோகிராம் தொடங்கும், ஹலோ என்று எல்லா ராங்கும் (எண்ணிட்ட எம்.பி.ஐ. ப்ராசஸ்கள்) அச்சிடும், முதல் செய்தி அனுப்பும் இடத்தில் அப்படியே நிற்கும். பிழை எதுவும் வராது. காரணம், மெஷின்களில் டாக்கரோ வர்ச்சுவல் மெஷின் மென்பொருளோ இருந்தால் 172.17.0.1 அல்லது 192.168.122.1 என்று ஒரு போலி நெட்வொர்க் ஒவ்வொரு மெஷினிலும் அதே முகவரியில் இருக்கும். ஓப்பன் எம்.பி.ஐ. கண்ணில் படும் எல்லா வழியையும் பயன்படுத்தப் பார்க்கும். எந்த நெட்வொர்க்கில் பேச வேண்டும் என்று நாமே சொல்ல வேண்டும்: பி.டி.எல். டி.சி.பி. இஃப் இன்க்ளூட் என்ற அளபுருவுக்கு 192.168.10.0/24 போல உங்கள் கிளஸ்டர் நெட்வொர்க்கைக் கொடுங்கள். ஃபயர்வாலையும் அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் முழுதாகத் திறந்துவிடுங்கள், எம்.பி.ஐ. எந்த போர்ட்டை எடுக்கும் என்று முன்கூட்டியே தெரியாது.

அடுத்தது பைண்டிங். ப்ராசஸை ஒரு கோரில் கட்டிப்போடாவிட்டால் லினக்ஸ் அதை இங்கும் அங்கும் நகர்த்தும். நகரும்போதெல்லாம் கேஷில் சேர்த்துவைத்தது வீண். எம்.பி.ஐ.ரன்னுக்கு பைண்ட் டு கோர் என்று கொடுத்து, ரிப்போர்ட் பைண்டிங்ஸ் ஆப்ஷனையும் சேர்த்து, உண்மையில் எங்கே உட்கார்ந்தது என்று பாருங்கள். 4 கோர், 8 திரெட் ப்ராசஸரில் 8 ராங்க் ஓட்டி இரட்டிப்பு வேகம் எதிர்பார்க்க வேண்டாம். இருக்கும் கோரைவிட அதிக ராங்க் போட்டால், காத்திருக்கும் ராங்க் சுற்றிச் சுற்றி வேலை செய்ய வேண்டிய ராங்கின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டம் பல மடங்கு மெதுவாகும்.

ஒரே பெட்டிக்குள் பெரிய செய்தி போகும்போது இரண்டு வழி உண்டு. அனுப்புபவர் பொது இடத்தில் எழுதி, வாங்குபவர் அங்கிருந்து எடுப்பது பழைய வழி, இரண்டு காப்பி. சி.எம்.ஏ. என்ற லினக்ஸ் வசதியில் வாங்குபவர் அனுப்புபவரின் மெமரியிலிருந்தே நேராக எடுத்துக்கொள்வார், ஒரே காப்பி. உபுண்டுவில் யாமா பாதுகாப்பின் பிட்ரேஸ் ஸ்கோப் 1 என்று இருந்தால் இதைத் தடுக்கலாம்; கிளஸ்டர் மெஷின்களில் 0 ஆக்குங்கள். பலர் உட்காரும் பொது லேப் மெஷினில் ஆக்காதீர்கள், ஒருவரின் ப்ராசஸை அதே யூசரின் இன்னொரு ப்ராசஸ் துருவிப் பார்க்க வழி திறக்கும். டாக்கருக்குள் எம்.பி.ஐ. ஓட்டும்போது படித்தது -1 என்று பிழை கொட்டினால் அதுவும் இதே சி.எம்.ஏ. தடைதான்.

புரோகிராமில் திருத்த வேண்டியவை

இங்கேதான் நேரம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. மேலே சொன்ன 4000 கட்ட விளிம்பை லூப் போட்டுக் கட்டம் கட்டமாக அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை காத்திருந்தால் 4000 × 50 மைக்ரோ விநாடி, அதாவது 200 மில்லி விநாடி. ஒரே செய்தியாக அனுப்பினால் 0.3. எந்த ஸ்விட்ச் வாங்கினாலும் இந்த வித்தியாசம் கிடைக்காது. நீர்மட்டம், இரண்டு திசை வேகம் என்று மூன்று அரே இருந்தால் மூன்றின் விளிம்பையும் ஒரே பஃபரில் அடுக்கி ஒரே செய்தியாக அனுப்புங்கள்.

சி மொழியில் வரிசை வரிசையாகப் பிரியுங்கள், ஃபோர்ட்ரானில் நெடுவரிசை நெடுவரிசையாக. அப்போதுதான் விளிம்பு மெமரியில் தொடர்ச்சியாக இருக்கும்.

இரண்டு பக்கமும் முதலில் சென்ட், பிறகு ரிசீவ் என்று எழுதுவது ஒரு கண்ணிவெடி. சின்னச் செய்தியை எம்.பி.ஐ. உடனே அனுப்பிவிட்டுத் திரும்பிவிடும் என்பதால் வேலை செய்வது போலவே தெரியும். ஓப்பன் எம்.பி.ஐ.யில் டி.சி.பி.க்கு இந்த எல்லை இயல்பாக 64 கிலோபைட். 32,000 பைட் வரிசையில் ஒழுங்காக ஓடிய புரோகிராம், அகலத்தை 10,000 கட்டமாக்கி வரிசை 80,000 பைட் ஆனதும் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிடும். சென்ட்ரிசீவ் பயன்படுத்துங்கள். அதைவிட நல்லது ஐரிசீவ், ஐசென்ட் இரண்டையும் முதலில் தொடங்கிவிட்டு, விளிம்பைத் தொடாத உள் கட்டங்களைக் கணக்கிட்டு, பிறகு வெயிட்ஆல் போட்டு விளிம்பைக் கணக்கிடுவது. ஆனால் டி.சி.பி.யில் பெரிய செய்தி நாம் எம்.பி.ஐ. ஃபங்ஷனுக்குள் இருக்கும்போதுதான் நன்றாக நகரும். உள் கணக்கின் நடுவே ஓரிரு இடத்தில் டெஸ்ட்ஆல் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா ராங்கின் பிழையளவையும் கூட்டிப்பார்க்கும் ஆல்ரெட்யூஸை ஒவ்வொரு படியிலும் கூப்பிட வேண்டியதில்லை. நாலு மெஷினுக்கு நெட்வொர்க்கில் இரண்டு சுற்று, 100 மைக்ரோ விநாடி. ஐம்பது படிக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

பைத்தானில் எம்.பி.ஐ.4பை பயன்படுத்துபவர்கள் கவனியுங்கள். சிறிய எழுத்தில் தொடங்கும் சென்ட், எதைக் கொடுத்தாலும் பிக்கிள் செய்து (பைட் தொடராக மாற்றி) அனுப்பும். பெரிய எழுத்தில் தொடங்கும் சென்ட், நம்பை அரேயின் மெமரியை அப்படியே அனுப்பும். ஒரு எழுத்து வித்தியாசம். பெரிய அரேக்கு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். எம்.பி.ஐ. இல்லாமல் சாக்கெட்டில் தாங்களே எழுதுபவர்கள் டி.சி.பி. நோடிலே ஆப்ஷனைப் போடாவிட்டால், நேகல் வழிமுறையும் தாமத ஏ.சி.கே.யும் சேர்ந்து சின்னச் செய்திக்கு 40 மில்லி விநாடி வரை இழுக்கும். எம்.பி.ஐ. இதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

பெட்டிக்குள்: ஷேர்டு மெமரி

ஒரு மெஷினுக்கு நாலு ராங்க் போடுவதற்குப் பதில் ஒரே ராங்க், அதற்குள் ஓப்பன்எம்பி வழியாக நாலு திரெட் என்றும் ஓட்டலாம். பெயர் ஒத்திருந்தாலும் ஓப்பன்எம்பி வேறு, ஓப்பன் எம்.பி.ஐ. வேறு; முன்னது ஒரே மெமரியைப் பகிரும் திரெட்களுக்கு, பின்னது ப்ராசஸ்களுக்கு. திரெட் வழியில் பெட்டிக்குள் விளிம்புப் பரிமாற்றமே தேவையில்லை. இந்த வழியில் போகும்போது பைண்ட் டு கோருக்குப் பதில் பைண்ட் டு நன் என்று கொடுங்கள். இல்லாவிட்டால் நாலு திரெட்டும் ஒரே கோரில் அடைபட்டு, கால் பங்கு வேகத்தில் ஓடும்.

திரெட் வழியில் முதலில் மாட்டுவது ஃபால்ஸ் ஷேரிங். ப்ராசஸர் மெமரியை 64 பைட் கேஷ் லைனாகத்தான் எடுக்கும். அதில் எட்டு டபுள் அடங்கும். ஒவ்வொரு திரெட்டுக்கும் ஒரு கூட்டுத்தொகை என்று நாலு டபுள் கொண்ட அரே வைத்து, ஒவ்வொரு திரெட்டும் தன் இடத்தில் மட்டும் கூட்டினாலும், நாலும் ஒரே லைனில் இருக்கின்றன. ஒரு திரெட் எழுதினதும் மற்ற மூன்று கோரிலும் அந்த லைன் செல்லாததாகிவிடும். விடை சரியாக வரும், புரோகிராம் ஒற்றைத் திரெட்டைவிட மெதுவாக ஓடும். லூப்புக்குள் லோக்கல் மாறியில் கூட்டி, முடிவில் ஒரே தடவை அரேயில் எழுதுங்கள். அல்லது ரிடக்ஷன் என்ற வசதியை ஓப்பன்எம்பியிடமே விடுங்கள். பெர்ஃப் கருவியில் சி2சி என்ற பகுதி, எந்த லைனுக்காகச் சண்டை நடக்கிறது என்று காட்டிக்கொடுக்கும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து இரண்டு ப்ராசஸர் சாக்கெட் உள்ள பழைய சர்வர் வாங்கி வந்தவர்களுக்கு இன்னொரு விஷயம். அதில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி ரேம். மெமரி கேட்கும் மாலாக் ஃபங்ஷனைக் கூப்பிட்டதும் ரேமில் இடம் ஒதுக்கப்படுவதில்லை. எந்தத் திரெட் முதலில் எழுதுகிறதோ அது ஓடும் சாக்கெட்டின் ரேமில்தான் அந்த மெமரித் துண்டு (பேஜ்) உட்காரும். முதன்மைத் திரெட் மட்டும் மொத்த அரேயையும் பூஜ்யம் போட்டால் எல்லாம் முதல் சாக்கெட்டில் குவியும். இரண்டாவது சாக்கெட்டின் கோர்கள் ஒவ்வொரு எண்ணுக்கும் அங்கே போய் வர வேண்டும். பூஜ்யம் போடும் லூப்பையும் கணக்கிடும் லூப்பைப் போலவே இணையாக, அதே பங்கீட்டில் எழுதுங்கள். சோர்ஸ் கோடு கையில் இல்லையென்றால் நூமாகன்ட்ரோலில் இன்டர்லீவ் போட்டு ஓட்டுவது தற்காலிக வைத்தியம்.

ராங்க்களையே வைத்துக்கொள்ள விரும்பினால் 2012-ல் வந்த எம்.பி.ஐ.-3 ஒரு நல்ல வழி தருகிறது. கணக்கில் மாறாத தரைமட்ட அட்டவணை 2 ஜி.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு ராங்கும் தனித்தனியாக வைத்தால் 8 ஜி.பி. மெஷின் திணறிவிடும். கம் ஸ்ப்ளிட் டைப்பில் ஷேர்டு என்று கேட்டால் ஒரே பெட்டியில் உள்ள ராங்க்கள் ஒரு குழுவாகும். அதில் முதல் ராங்க் மட்டும் வின் அலோகேட் ஷேர்டு வழியாக 2 ஜி.பி. கேட்கட்டும், மற்றவை 0 கேட்கட்டும். பிறகு வின் ஷேர்டு கொய்ரி வழியாக எல்லாரும் அதே இடத்தின் முகவரியைப் பெறலாம். முதல் ராங்க் நிரப்பி முடித்ததும் வின் சிங்க், பேரியர், மறுபடி வின் சிங்க் என்ற வரிசை கட்டாயம். பேரியரை விட்டால் சில ஓட்டங்களில் மட்டும் பூஜ்யங்கள் தலைகாட்டும். கண்டுபிடிக்கப் பல நாள் ஆகும் பிழை அது.

பைத்தான் 3.8 முதல் மல்டிப்ராசஸிங்கில் ஷேர்டு மெமரி இருக்கிறது. முடிந்ததும் அன்லிங்க் கூப்பிடாவிட்டால் டெவ் ஃபோல்டருக்குள் எஸ்.எச்.எம். என்ற இடத்தில் குப்பை சேரும். அது டிஸ்க் இல்லை, ரேம். இயல்பாக மொத்த ரேமில் பாதிவரை நிரம்ப அனுமதி உண்டு; செத்துப்போன புரோகிராம்களின் மிச்சம் அங்கே கிடந்து ரேமைப் பிடித்துக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். டாக்கருக்குள் இதே இடம் 64 மெகாபைட் மட்டுமே. பஸ் எர்ரர் என்று செத்தால் எஸ்.எச்.எம். சைஸ் ஆப்ஷனில் கூட்டுங்கள்.

நாலு மெஷினின் ரேமையும் ஒரே ரேமாகக் காட்டும் மென்பொருள் கிடையாதா என்று கேட்பவர்கள் உண்டு. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ட்ரெட்மார்க்ஸ் குழு உட்படப் பலர் முயன்றார்கள். பெட்டிக்குள் ரேமைத் தொட ஏறக்குறைய 100 நானோ விநாடி. கிகாபிட் வழியாக 4096 பைட் பேஜ் ஒன்றைக் கொண்டுவர 100 மைக்ரோ விநாடி, ஆயிரம் மடங்கு. மேலே 64 பைட்டில் பார்த்த ஃபால்ஸ் ஷேரிங் இங்கே 4096 பைட்டில் நடக்கும். நம் சாமான்களுக்கு இது ஒத்துவராது.

எப்போது இன்ஃபினிபேண்ட்

இவ்வளவும் முடித்து, மறுபடி அளந்து, செய்திகள் இன்னமும் சின்னதாகவும் அடிக்கடியும் போகின்றன, நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நெட்வொர்க் தின்கிறது என்று உறுதியானால் பழைய இன்ஃபினிபேண்ட் கார்டு பற்றி யோசிக்கலாம். இரண்டு மெஷின் என்றால் ஸ்விட்ச் வேண்டாம், ஒரு செம்புக் கேபிளில் நேராக இணைக்கலாம். கார்டுக்கு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எட்டு லேன் ஸ்லாட் வேண்டும். டெஸ்க்டாப்பில் கிராபிக்ஸ் கார்டுக்கான பதினாறு லேன் ஸ்லாட்டில் போடலாம். பழைய கார்டுகளைத் தயாரிப்பாளரின் புதிய ட்ரைவர் தொகுப்புகள் கைவிட்டிருக்கலாம், பணம் கொடுக்கும் முன் கார்டின் மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள்.

மாட்டினதும் லிங்க் விளக்கு எரிந்தும் நிலை இனிஷியலைசிங் என்றே நின்றால் கார்டில் கோளாறு இல்லை. இன்ஃபினிபேண்ட் கார்டுகளுக்கு முகவரியும் வழியும் ஒதுக்கும் சப்நெட் மேனேஜர் ஓடவில்லை. ஒரு மெஷினில் ஓப்பன்எஸ்எம் சர்வீஸைத் தொடங்கினால் ஆக்டிவ் ஆகும். அடுத்து, மெமரியைப் பதிவுசெய்ய முடியவில்லை என்று எம்.பி.ஐ. எச்சரித்தால் லிமிட்ஸ் கோப்பில் மெம்லாக்கை அன்லிமிடெட் ஆக்கி, லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். டெர்மினலில் சரியாகக் காட்டியும் எஸ்.எஸ்.எச். வழியாகத் தொடங்கும் ராங்க்களில் பழைய எல்லையே வந்தால், ஒவ்வொரு மெஷினிலும் எஸ்.எஸ்.எச். சர்வீஸையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.